வீடு மாற நீங்களே டிரக் ஓட்டப் போகிறீர்களா? புக் செய்வதற்கு முன் இதைப் படியுங்கள்

முதல்முறை நான் டிரக்கை வாடகைக்கு எடுத்து நானே ஓட்டி வீடு மாறியபோது, விளம்பரத்தில் பார்த்த வாடகையைப் போல் இரண்டரை மடங்கு செலவானது. என்னை யாரும் ஏமாற்றவில்லை. நான் கையெழுத்துப் போட்ட தாளிலேயே எல்லாம் எழுதியிருந்தது. சின்ன வண்டியாக எடுத்ததால் இரண்டு நடை அடிக்க வேண்டியதாயிற்று. இரண்டு நடை அடித்ததால் கிலோமீட்டர் ஏறியது, நேரமும் தாண்டியது. நேரம் தாண்டியதால் இன்னொரு நாள் வாடகை. இதெல்லாம் போதாதென்று, நான் இடிக்காத ஓர் இடிக்கும் பணம் கட்டினேன். அடுத்த முறை வீடு மாறியபோது இவற்றில் ஒன்றுகூட நடக்கவில்லை. அப்போது நான் செய்ததை வரிசையாக எழுதுகிறேன்.

1. முதலில் சாமானை எண்ணுங்கள், பிறகு வண்டியைத் தேடுங்கள்

பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். வாடகை குறைவான வண்டியைப் பிடித்துவிட்டு, சாமான் எப்படியாவது அடங்கிவிடும் என்று நம்புகிறோம். ஒரு நோட்டோடு அறை அறையாக நடந்து பாருங்கள். தோராயக் கணக்கு இது: மூன்று பேர் உட்காரும் சோஃபா 50 கன அடி. இருவர் படுக்கும் கட்டில் மெத்தையோடு 60 முதல் 65. ஃபிரிட்ஜ் அளவைப் பொறுத்து 45 முதல் 60. வாஷிங் மெஷின் 25. நடுத்தர அட்டைப்பெட்டி ஒன்று 3, புத்தகம் வைக்கும் சின்னப் பெட்டி ஒன்றரை.

கூட்டி வரும் தொகையோடு கால் பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். தொழில்முறை ஆட்கள் அடுக்குவதுபோல் கூரை வரை இடைவெளி இல்லாமல் நம்மால் அடுக்க முடியாது.

டிரக்குகளை, சாமான் ஏற்றும் பின்பக்கப் பெட்டியின் நீளத்தை வைத்துச் சொல்வார்கள். 10 அடிப் பெட்டியில் சுமார் 400 கன அடி இடம் இருக்கும். 15 அடியில் 750 அளவில், 20 அடியில் 1,000 அளவில், 26 அடியில் 1,600க்கு மேல். ஒரு படுக்கையறை வீட்டுக்கு 10 அடி, இரண்டுக்கு 15 அடி, மூன்றுக்கு 20 அடி என்று வண்டியை வாடகைக்கு விடுபவர்கள் ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள். நான் அதை நம்பித்தான் எடுத்தேன். பால்கனி, பரண், கட்டிலுக்கு அடியில் இருப்பது, பழைய சைக்கிள் எதுவும் அந்தப் பட்டியலில் வராது. இரண்டு அளவுகளுக்கு நடுவில் ஊசலாடினால் பெரியதை எடுங்கள். வாடகையில் வரும் வித்தியாசம் இரண்டாவது நடையின் செலவைவிடக் குறைவாகவே இருக்கும்.

இங்கே இன்னொரு பொறி இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. பெட்டியில் இடம் இருப்பது வேறு, அந்த எடையை வண்டி தாங்குவது வேறு. வீட்டுச் சாமானுக்குக் கன அடிக்கு 7 பவுண்டு, அதாவது 3 கிலோவுக்குச் சற்று மேல் என்று சாமான் ஏற்றும் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. அதன்படி 600 கன அடி சாமான் கிட்டத்தட்ட 1,900 கிலோ. ஆனால் மொத்த எடை 3.5 டன் என்று பதிவான பெரிய பெட்டி வேன்கள் பலவற்றில், வண்டியின் சொந்த எடை போக 1 டன் அளவுக்குத்தான் ஏற்ற முடியும். புத்தகம், டைல்ஸ், உடற்பயிற்சி இரும்பு எல்லாம் வைத்திருப்பவர்களுக்குப் பெட்டி நிரம்புவதற்கு முன்பே எடை தாண்டிவிடும். அதிக எடையோடு பிடிபட்டால் அபராதம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸும் கைவிட்டுவிடலாம். அதனால் வண்டியின் நீளத்தைக் கேட்கும்போதே, “எவ்வளவு கிலோ ஏற்றலாம்?” என்றும் கேட்டுவிடுங்கள்.

2. லைசென்ஸும் மற்ற ஆவணங்களும்

கார் லைசென்ஸ் இருந்தால் எந்த வண்டியையும் ஓட்டலாம் என்று நினைக்க வேண்டாம். பல நாடுகளில் சாதாரண கார் லைசென்ஸ், மொத்த எடை 3.5 டன் வரையுள்ள வண்டிக்குத்தான் செல்லும். சில நாடுகளில் அந்த வரம்பு 4.5 டன், சிலவற்றில் 7.5 டன். மொத்த எடை என்றால் காலி வண்டியின் எடை அல்ல, முழு லோடோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட எடை. உங்கள் லைசென்ஸில் என்ன பிரிவு போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

வேறு நாட்டிலிருந்து வந்து அங்கே வாங்கிய லைசென்ஸை வைத்திருப்பவர்கள், சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கேட்கப்படலாம் என்பதை மனதில் வையுங்கள். லைசென்ஸ் கொடுத்த நாட்டில்தான் அதை வாங்க முடியும், பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான் செல்லும். அசல் லைசென்ஸ் கையில் இல்லாமல் அது மட்டும் இருந்து பயனில்லை.

கவுண்டருக்குக் கொண்டுபோக வேண்டியவை: அசல் லைசென்ஸ், இன்னொரு அடையாள ஆவணம், முகவரிச் சான்று, உங்கள் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டு. லைசென்ஸ் ஒருவர் பெயரில், கார்டு இன்னொருவர் பெயரில் என்றால் பல இடங்களில் வண்டி தர மாட்டார்கள். டெபிட் கார்டை ஏற்றுக்கொள்ளும் இடங்களிலும் அதற்கென்று தனி நிபந்தனை இருக்கலாம், போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள். வயது வரம்பும் இடத்துக்கு இடம் மாறும். ஓரிடத்தில் 18 போதும், இன்னோரிடத்தில் 21, பெரிய வண்டிக்கு 25 என்பார்கள்.

முகவரிச் சான்றில் ஒரு சிக்கல் உண்டு. வீடு மாறும் அவசரத்தில் மின்கட்டண ரசீது, வங்கிக் கடிதம் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு டேப் ஒட்டிவிடுவோம். என் நண்பர் வண்டி எடுக்கப் போன காலையில் மூன்று பெட்டிகளைப் பிரித்துத் தேடினார். இந்தக் காகிதங்களை ஒரு கவரில் போட்டுக் கைப்பையில் வைத்துவிடுங்கள். வேறொருவரும் ஓட்டுவதாக இருந்தால் அவரும் லைசென்ஸோடு நேரில் வந்து ஒப்பந்தத்தில் பெயர் சேர்க்க வேண்டும். பெயர் இல்லாதவர் ஓட்டி ஏதாவது ஆனால் முழுச் செலவும் உங்கள் தலையில்தான்.

3. வாடகையைக் கேட்காதீர்கள், மொத்தத் தொகையைக் கேளுங்கள்

விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது அடிப்படை வாடகையை மட்டும். அதற்கு மேல் கிலோமீட்டர் கட்டணம், எரிபொருள், வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான பாதுகாப்புத் திட்டம், டிராலி, சாமானைப் போர்த்தும் போர்வை, இறுக்கிக் கட்டும் ஸ்ட்ராப், கூடுதல் ஓட்டுநர், வரி, சுங்கச்சாவடி என்று ஏறிக்கொண்டே போகும். போனில் இப்படிக் கேளுங்கள்: “இந்தத் தேதி, இத்தனை மணிக்கு எடுத்து இத்தனை மணிக்குத் தருகிறேன், இத்தனை கிலோமீட்டர் ஓட்டுவேன், எல்லாம் சேர்த்து எவ்வளவு? மின்னஞ்சலில் அனுப்ப முடியுமா?” இரண்டு மூன்று இடத்தில் இதே கேள்வியைக் கேட்டால் எது உண்மையில் மலிவு என்று தெரிந்துவிடும். அடிப்படை வாடகை அதிகமாக உள்ள இடத்தில் கிலோமீட்டர் கட்டணம் இல்லாமல் இருக்கலாம்.

கிலோமீட்டரைக் கணக்கிடும்போது பழைய வீட்டிலிருந்து புது வீடு வரை மட்டும் போடாதீர்கள். வண்டி எடுக்கும் வாடகை இடத்திலிருந்து பழைய வீடு, அங்கிருந்து புது வீடு, திரும்ப வாடகை இடம் என மூன்று துண்டு. அதோடு எரிபொருள் போடப் போகும் சுற்று. நான் முதல் துண்டையும் கடைசித் துண்டையும் மறந்துவிட்டேன்.

வேறு ஊருக்குப் போகிறீர்கள் என்றால் ஒருவழி வாடகை உண்டு. அதில் பெரும்பாலும் இத்தனை நாள், இத்தனை கிலோமீட்டர் என்று வரம்பு வைத்திருப்பார்கள். வரம்பைத் தாண்டினால் கட்டணம் தனி. சொன்ன ஊரை விட்டு வேறு கிளையில் விட்டாலும் அப்படித்தான்.

டெபாசிட் பற்றி ஒரு வார்த்தை. கார்டில் பிடித்துவைக்கும் தொகை வண்டியைத் திருப்பிக் கொடுத்த அடுத்த நிமிடமே விடுபடாது, சில வேலை நாட்கள் ஆகலாம். டெபிட் கார்டென்றால் அது உங்கள் கணக்கிலுள்ள நிஜப் பணம். புது வீட்டுக்கு முன்பணம் கட்டும் அதே வாரத்தில் இதுவும் முடங்கினால் கை கடிக்கும்.

4. சேதப் பாதுகாப்பில் எது வராது?

“என் காருக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, கிரெடிட் கார்டிலும் வாடகை வண்டிப் பாதுகாப்பு இருக்கிறது, போதும்” என்று பலர் நினைக்கிறார்கள். கார் பாலிசிகள் பலவும் வாடகை டிரக்குக்குச் செல்லாது. கிரெடிட் கார்டுப் பாதுகாப்பும் பொதுவாக டிரக்குகளை விலக்கிவைத்திருக்கும். இரண்டு இடத்துக்கும் போன் செய்து, “சாமான் ஏற்றும் வாடகை டிரக், இத்தனை டன்” என்று குறிப்பாகச் சொல்லிக் கேளுங்கள்.

வண்டியை வாடகைக்கு விடுபவர் விற்கும் பாதுகாப்பை வாங்கினாலும், அதில் வராதவற்றைப் படியுங்கள். கூரையும் பெட்டியின் மேல்பாகமும் எதிலாவது இடித்தால் அந்தச் சேதம் பல திட்டங்களில் சேராது. டயர், கண்ணாடி தனியாக இருக்கலாம். உள்ளே இருக்கும் உங்கள் சாமானுக்கும் எதிரே வந்தவருக்கு ஆகும் சேதத்துக்கும் தனித்தனிப் பிரிவு இருக்கும். விபத்தானால் முதலில் நீங்கள் ஏற்க வேண்டிய தொகை எவ்வளவு என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

5. நாளும் நேரமும்

மாதக் கடைசியும் சனி, ஞாயிறும் எல்லோரும் வீடு மாறும் நாட்கள். வண்டி கிடைப்பது கடினம், வாடகையும் ஏறியிருக்கும். முடிந்தால் மாத நடுவில் ஒரு செவ்வாயோ புதனோ பாருங்கள். மூன்று நான்கு வாரம் முன்பே புக் செய்துவிடுவது நல்லது. புக் செய்தாயிற்று என்று சும்மா இருந்துவிடக் கூடாது. முதல் நாள் மாலை போன் செய்து எந்தக் கிளை, எந்த அளவு, எத்தனை மணி என்று உறுதிப்படுத்துங்கள். சில இடங்களில் புக்கிங் என்பது கோரிக்கைதான், சொன்ன அளவு வண்டி இல்லையென்றால் வேறு அளவையோ வேறு கிளையையோ காட்டுவார்கள்.

ஒரு நாள் வாடகை என்றால் 24 மணி நேரமா, கடை மூடும் வரையா? இதைக் கேட்காமல் விட்டதால்தான் எனக்கு இன்னொரு நாள் வாடகை விழுந்தது. காலை முதல் ஆளாகப் போய் எடுங்கள். ஏற்றுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்களோ, அதில் பாதியைக் கூடச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுக்குமாடியில் இருந்தால் இரண்டு கட்டிட நிர்வாகத்திடமும் லிஃப்டை அந்த நேரத்துக்கு ஒதுக்கித் தரச் சொல்லுங்கள். டிரக்கை வாசலில் நிறுத்த அனுமதி வேண்டுமா என்றும் கேளுங்கள். தெருவில் இடம் பிடிக்கச் சில ஊர்களில் பல நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

6. வண்டியை வாங்கும் அந்த இருபது நிமிடம்

கவுண்டரில் ஒரு தாள் நீட்டுவார்கள். அதில் வண்டியின் படம் கோட்டோவியமாக இருக்கும், ஏற்கெனவே உள்ள சேதத்தை அதில் குறிக்க வேண்டும். பின்னால் வரிசையில் ஆள் நிற்பார், வீட்டில் நண்பர்கள் காத்திருப்பார்கள், “எல்லாம் சரியா இருக்கு, கையெழுத்து போடுங்க” என்பார் ஊழியர். நான் போட்டேன். சுற்றி வந்து பார்க்கத்தான் செய்தேன், ஆனால் கண் மட்டத்தில் மட்டும் பார்த்தேன். டிரைவர் அறைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பெட்டியின் இடது மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஒடுக்கு இருந்திருக்கிறது. ஒடுக்கின் விளிம்பில் பெயின்ட் உரிந்து துரு ஏறியிருந்தது. அன்று மாலை திருப்பிக் கொடுக்கும்போது ஊழியர் நேராக அங்கேதான் அண்ணாந்து பார்த்தார். ஒரே நாளில் துரு பிடிக்குமா என்று கேட்டேன். தாளில் குறிக்கவில்லையே என்றார்கள்.

அதனால் நகருவதற்கு முன் போனில் வீடியோ எடுங்கள். வண்டியை ஒரு முழுச் சுற்று, பிறகு நான்கு மேல் மூலைகள், கூரை விளிம்பு, பம்பர், கண்ணாடி, நான்கு பக்க டயர், பெட்டியின் உட்புறத் தரை. கடைசியில் டேஷ்போர்டில் கிலோமீட்டரும் எரிபொருள் முள்ளும் தெரிகிற மாதிரி ஒரு படம். சேதம் கண்ணில் பட்டால் தாளில் எழுதச் சொல்லி ஊழியரின் கையெழுத்தும் வாங்குங்கள்.

அப்படியே எரிபொருள் மூடியைத் திறந்து டீசலா பெட்ரோலா என்று பாருங்கள். மாற்றிப் போட்டுவிட்டால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே கூடாது, உடனே வாடகை இடத்துக்குப் போன் செய்ய வேண்டும். சாமான் ஏற்றும் சாய்வுப் பலகையான ரேம்பை ஒருமுறை இழுத்துப் பாருங்கள். பின்கதவு முழுதாக இறங்கிப் பூட்டுகிறதா என்றும் பாருங்கள். பூட்டு பெரும்பாலும் தர மாட்டார்கள், உங்களுடையதைக் கொண்டுபோங்கள்.

7. ஏற்றுவது

வண்டி வருவதற்குள் பெட்டிகள் எல்லாம் கட்டி, கட்டில் கழற்றி, வாசலருகே வந்திருக்க வேண்டும். வண்டி வந்த பிறகு சாமான் கட்ட ஆரம்பித்தால் வாடகை நேரம் உங்கள் கண் முன்னாலேயே கரையும்.

ஃபிரிட்ஜை முதல் நாளே அணைத்து, காலி செய்து, ஐஸ் உருகித் துடைத்து வையுங்கள். முன்கதவு வாஷிங் மெஷின் என்றால், வாங்கியபோது பின்பக்கத்தில் இருந்த டிரம் போல்ட்டுகளை மறுபடி மாட்ட வேண்டும். இல்லையென்றால் உள்ளே டிரம் ஆடி சஸ்பென்ஷன் போய்விடும். கழற்றிய திருகுகளை ஒரு சின்னப் பையில் போட்டு அந்தந்தச் சாமானிலேயே டேப்பால் ஒட்டிவிடுங்கள்.

அடுக்கும் முறை: கனமானது முதலில், டிரைவர் அறையை ஒட்டிய சுவரோரம், தரையில். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், புத்தகப் பெட்டிகள் எல்லாம் அங்கே. இடமும் வலமும் எடை சமமாக இருக்கட்டும். ஃபிரிட்ஜ் இடப்பக்கம் போனால் வலப்பக்கம் புத்தகம். அதன் பிறகு கட்டில், மேசை, அலமாரி. கனமான பெட்டிமேல் இலேசான பெட்டி, கூரை வரை முடிந்த அளவு இடைவெளி இல்லாமல். மெத்தையையும் சோஃபாவையும் பக்கச் சுவரோரம் நிமிர்த்தி வைத்தால் நடுவில் வரும் கண்ணாடி மேசைக்கு அணையாக இருக்கும். நாலில் ஒரு பங்கு நிரம்பியதும் ஸ்ட்ராப் போட்டு இறுக்குங்கள், பிறகு அடுத்த வரிசை. எல்லாம் ஏற்றிவிட்டுக் கடைசியில் ஒரே ஒரு கயிறு கட்டினால், முதல் பிரேக்கிலேயே நடுவில் உள்ளது சரியும்.

டிராலியில் ஃபிரிட்ஜை ரேம்பில் ஏற்றும்போது நீங்கள் மேலே, பொருள் கீழே. பின்னோக்கி நடந்து இழுக்க வேண்டும். இறக்கும்போதும் அப்படியே, பொருள் முன்னால் கீழே போக நீங்கள் மேல்பக்கம் நின்று பிடித்துக்கொண்டே வர வேண்டும். துணைக்கு வருபவர் பக்கவாட்டில் நிற்கட்டும். கீழே நேர் எதிரே யாரும், முக்கியமாகக் குழந்தைகள், நிற்கக் கூடாது. கைநழுவினால் நூறு கிலோ நேராக அவர்கள்மேல் வரும். மழை பெய்திருந்தால் ரேம்பைத் துடைத்துவிட்டு ஏறுங்கள்.

சமையல் கேஸ் சிலிண்டர், பெட்ரோல் கேன், தின்னர், ஆசிட் எதையும் பெட்டியில் ஏற்றாதீர்கள், வாடகை ஒப்பந்தத்திலேயே தடை இருக்கும். நகை, சான்றிதழ், பாஸ்போர்ட், மருந்து, லேப்டாப் உங்களோடு முன்சீட்டில். கடைசியாக ஏற்றும் பெட்டியில் ஸ்க்ரூடிரைவர், சோப்பு, துண்டு, விளக்கு, சார்ஜர் இருக்கட்டும், முதலில் இறங்குவது அதுதானே.

8. ஓட்டுவது

நீளத்தைவிட உயரம்தான் ஆபத்து. 10 அடிப் பெட்டி வண்டி 9 அடி அளவில் உயரம் இருக்கும், 15 அடியும் அதற்கு மேலும் என்றால் 12, 13 அடி வரை. உங்கள் வண்டியின் சரியான உயரத்தைக் கேட்டு, ஒரு துண்டுத் தாளில் எழுதி ஸ்டீயரிங் எதிரே ஒட்டுங்கள். பல அடித்தளப் பார்க்கிங்குகளின் உயரம் 7 அடி அளவுதான். பெட்ரோல் பங்க் கூரை, மரக்கிளை, பழைய ரயில் பாலம், அடுக்குமாடி நுழைவாயில் எல்லாவற்றிலும் கண் வேண்டும். கார் ஓட்டுபவர்களுக்கான போன் மேப் உங்கள் வண்டியின் உயரத்தைக் கணக்கில் எடுக்காது. முடிந்தால் முதல் நாள் காரில் அந்த வழியில் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

லோடு ஏற்றிய டிரக் கார்போல நிற்காது. முன்னால் போகும் வண்டிக்குக் காரில் விடும் இடைவெளியைப் போல் இரண்டு மடங்கு விடுங்கள். திருப்பும்போது சற்று முன்னால் போய்த் திருப்புங்கள், பின்சக்கரம் உட்பக்கம் வெட்டிக்கொண்டு வரும். பின்னால் எடுக்கும்போது ஒருவர் இறங்கி நின்று சொல்ல வேண்டும். அவர் உங்கள் பக்கக் கண்ணாடியில் தெரியவில்லையென்றால் வண்டியை நிறுத்திவிடுங்கள். சாமான் இல்லாத வண்டியை வாடகை இடத்தின் காலி மைதானத்திலேயே பத்து நிமிடம் ஓட்டிப் பழகிக்கொள்ளுங்கள், கேட்டால் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். வழியில் ஒருமுறை பாதுகாப்பாக நிறுத்திப் பின்கதவைக் கவனமாகத் திறந்து ஸ்ட்ராப் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

புது வீட்டில் ஃபிரிட்ஜை வைத்ததும் உடனே போடாதீர்கள். நிமிர்த்தியே கொண்டுவந்திருந்தாலும் சில மணி நேரம் விடுங்கள். சாய்த்துக் கொண்டுவந்திருந்தால் எவ்வளவு நேரம் சாய்ந்திருந்ததோ அவ்வளவு நேரமாவது நிற்கட்டும். கம்ப்ரசர் எண்ணெய் இறங்க வேண்டும்.

9. திருப்பிக் கொடுப்பது

பெட்டியைக் கூட்டிச் சுத்தம் செய்யுங்கள், அழுக்குக்குக் கட்டணம் உண்டு. போர்வை, டிராலி, ஸ்ட்ராப் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். எரிபொருளை வாடகை இடத்துக்குப் பக்கத்திலுள்ள பங்க்கில், எடுத்தபோது முள் எங்கே இருந்ததோ அங்கே வரும்வரை போடுங்கள். அவர்களே போட்டால் லிட்டருக்குக் கூடுதல் விலை வைப்பார்கள். ரசீது முக்கியம்.

கடை திறந்திருக்கும் நேரத்தில், ஊழியர் முன்னால் ஒப்படைப்பதுதான் நல்லது. மூடிய பிறகு சாவிப்பெட்டியில் போட்டுவிட்டுப் போனால், பல இடங்களில் மறுநாள் அவர்கள் பார்க்கும்வரை பொறுப்பு உங்களுடையதே. வேறு வழியில்லையென்றால் நிறுத்திய இடம், நேரம், டேஷ்போர்டு, வெளிப்புறம் எல்லாவற்றையும் மறுபடி வீடியோ எடுங்கள். இறுதி பில்லை அங்கேயே வரி வரியாகப் பாருங்கள். வாங்காத பாதுகாப்புத் திட்டம், எடுக்காத போர்வைக்குக்கூடப் பணம் போட்டிருக்கலாம்.

வீடியோக்களை டெபாசிட் வந்ததும் அழித்துவிடாதீர்கள், மூன்று மாதமாவது வைத்திருங்கள். எனக்கு ஆறு வாரம் கழித்து ஒரு சுங்கக் கட்டண நோட்டீஸ் வந்தது, தாமதக் கட்டணத்தோடு. ஒப்பந்தத்தில் நான் எழுதிக் கொடுத்திருந்தது காலி செய்துகொண்டிருந்த வீட்டின் முகவரி. நோட்டீஸ் அங்கேதான் போயிருந்தது, புதிதாகக் குடிவந்தவர் எடுத்து வைத்திருந்து போன் செய்தார். வண்டியை ஒப்படைக்கும்போதே புது முகவரியை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.